பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு லோகோ

உலகத்தில் உள்ள குறைகள் யாவும் இரண்டே வகைப்படும். பெயர் சரியில்லாதவை, நிறம் சரியில்லாதவை. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவன் தெரணியகலை பஜாரில், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில், 'பிரதாப் பிராண்ட் ஸ்டூடியோ' என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்பதை நாடு இன்னும் அறியவில்லை. அறியாதது நாட்டின் குறை. அதற்கும் ஒரு லோகோ போட்டால் சரியாகிவிடும்.

என் தகைமையைச் சந்தேகிப்பவர்கள் குருவிட்டயில் றினாஸின் கோழிக்கடையைப் போய்ப் பார்க்கலாம். சிவப்பு எழுத்தில் 'கோழி இறைச்சி' என்று அலறிக்கொண்டிருந்த கடை அது. அலறலை நான் நிறுத்தினேன். வெள்ளைப் பலகை, இளநீலத்தில் ஒரே ஓர் இறகு, அடியில் 'நலம்' என்று ஒரு சொல். மறுநாள் இரண்டு பேர் வந்து பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். கோழி கேட்டு ஒருவரும் வரவில்லை. அன்று றினாஸ் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. ஆனால் அவற்றில் இருந்த உணர்ச்சியை மதிக்கிறேன். வாடிக்கையாளரிடம் உணர்ச்சியைக் கிளப்புவதுதானே பிராண்டிங்?

இப்பேர்ப்பட்ட என்னை ஊருக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தின் பெயரைச் சொல்ல என் தொழில் தர்மம் இடம் கொடுக்காது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா அங்கே பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா மருதாயி வேலையிலிருந்து நின்ற பிறகு வேறு ஆள் போடவில்லை. கூரையும் ஒழுகியது. இந்த நேரம் பார்த்து, தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம்.

பங்களாவில் 'உயர்மட்டக் கலந்துரையாடல்' கூடியது. துரை, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் நிரோஷா, நான், என் லெப்டொப்.

"பிரச்சினை என்ன மல்லி?" என்று கேட்டார் துரை. அவர் சிங்களவர்; தம்பி என்பதை 'மல்லி' என்பார். தமிழும் சரளமாகப் பேசுவார்.

"பேருதாங்க சேர். பிள்ளைக்காம்பராங்கிற பேர்ல ஒரு கனவே இல்லீங்க."

"ஆயாம்மாவும் இல்லீங்களே," என்றார் நிரோஷா.

"மிஸ், அது ஆள் பிரச்சினை. நாம பேசுறது அடையாளப் பிரச்சினை."

"கூரை ஒழுகுதுங்களே?"

"போர்ட கொஞ்சம் ஒசரமா வச்சா கூரையே தெரியாதுங்க மிஸ்."

துரை மேசையில் ஓங்கித் தட்டி, சிங்களத்தில் 'சரி' என்று முழங்கினார். "ஹரி! இந்த மூளையத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்!"

அதன்பின் இளம்பச்சையா, கொழுந்துப் பச்சையா என்று தேநீர் ஆறும்வரை விவாதித்தோம். 'தளிர் உலகம்' என்ற பெயர் ஏகமனதாக நிறைவேறியது. நிரோஷாவின் மனதை யாரும் கேட்கவில்லை என்பதால் ஏகமனதுக்குப் பங்கம் வரவில்லை.

பலகையில் சிரிப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோகிலாவின் மகள் தனுஷிகா, எட்டு மாதம், என் கேமராவைப் பார்த்துப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். கோகிலாவின் கணவருக்குக் கொழும்பில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாததால் கோகிலா மலைக்குப் போக முடியவில்லை. இந்த மாதமும் வராவிட்டால் செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டிவிடுவோம் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். பேரை வெட்டினால் வேலை போய்விடும்.

"அண்ணே, போர்ட்ல எம்புள்ள படம்னா, காம்பரா தொறந்ததும் மொத எடம் அவளுக்குத்தானே?"

"கட்டாயம் தங்கச்சி! நம்ம பிராண்டோட மொகமே அவதான்."

கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் லோகோவுக்காகச் சந்தோஷத்தில் கண் கலங்கியவர் அவர் ஒருவர்தான். றினாஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பன்னிரண்டடிப் பலகை எழுந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், தனுஷிகாவின் சிரிப்பைப் பார்த்து உருகினார்கள், போனார்கள். உள்ளே போக ஒருவருக்கும் நேரமில்லை. நல்லவேளை, சாவி எங்கே இருக்கிறதென்று அங்கே யாருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பலகை செய்தாலும் அடியில் ஒரு மூலையில் செய்தவர் தன் போன் நம்பரைப் போட்டுக்கொள்வார். நானும் போட்டிருந்தேன். தன்னடக்கம் காரணமாக இரண்டடி அகலத்தில் மட்டும். மறுநாள் விடிந்ததும் போன் அடிக்கத் தொடங்கியது.

"ஹலோ, தளிர் உலகமுங்களா? எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

"இது ஸ்டூடியோங்க."

"சரிங்க, ஸ்டூடியோவ எத்தன மணிக்குத் தொறப்பீங்க? புள்ளைக்குப் பால் குடுத்து அனுப்பணுமா, நீங்களே குடுப்பீங்களா?"

இதை எங்கள் துறையில் 'மக்கள் ஈடுபாடு' என்பார்கள். ஈடுபாடு உச்சத்துக்குப் போய், ஒரு திரீவீலரில் ஏறி, என் வாசலிலேயே வந்து இறங்கியது. கோகிலா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பால் போத்தல் வைத்த பையுமாக நின்றார்.

"காம்பரா பூட்டியிருக்கு. போர்ட்ல ஒங்க நம்பர்தானே அண்ணே இருக்கு? புடிங்க. மலைக்கு நேரமாச்சு."

"தங்கச்சி, நான் டிசைனர்..."

"பரவால்லைங்க, அவ அழ மாட்டா."

அழுதாள். பசிக்கு அழுதாள், தூக்கத்துக்கு அழுதாள், என் முகத்தைப் பார்த்தும் அழுதாள். லெப்டொப்பை இரண்டு கையாலும் அடித்து ஒரு லோகோ செய்தாள். என்னுடையதைவிட அது மோசம் என்று மனசாட்சியோடு சொல்ல முடியாது. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆயாம்மா மருதாயியின் மேல் எனக்கு வந்த பக்தி கதிர்காமத்துக்குப் போகும்போதுகூட வந்ததில்லை.

சாயங்காலம் கோகிலா வந்தார். நாளெல்லாம் மலையில் நின்ற களைப்பையும் மீறி முகத்தில் ஒரு தெளிவு. இன்றைக்குச் செக்ரோலில் பேர் விழுந்துவிட்டதாம். அந்த நேரம் பார்த்துத் துரையின் போன் வந்தது. என் இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் கோகிலாவே ஸ்பீக்கரில் போட்டார்.

"மல்லி, நியம வேலை, அருமையான வேலை! ஹெட் ஒபிஸ்ல போட்டோ பாத்து ரொம்ப சந்தோஷம். ஆயாம்மா போடவும் கூரை செய்யவும் நாங்க கேட்டிருந்தமே, அத நிப்பாட்டிட்டாங்க. இவ்வளவு நல்லா நடக்கிற எடத்துக்கு இன்னும் என்ன வேணும்னு கேக்கிறாங்க!"

துரை பாராட்டிக்கொண்டே இருந்தார். கோகிலா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"இத்தன நாளா காம்பரா இல்லன்னு கேட்டுக்கிட்டாவது இருந்தோம்ணே. இப்ப இருக்குன்னு எழுதி வச்சிட்டீங்க. இனி என்னன்னு போய்க் கேக்கிறது?"

நாளைக்கும் பிள்ளையைக் கொண்டு வா தங்கச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மறுநாள் எனக்கு இரத்தினபுரியில் ஒரு கருத்தரங்கு இருந்தது. தலைப்பு 'சமூகப் பொறுப்பும் பிராண்டிங்கும்'. பேச்சாளர் நான்தான்.

அந்த மாதக் கடைசியில் கோகிலாவின் பேரை வெட்டிவிட்டார்கள். பலகையில் அவருடைய பிள்ளை அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறாள். வெயிலுக்கும் மழைக்கும் அந்தச் சிரிப்பு மங்காது. ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன்.