திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம்

"உண்மையை எழுதிட்டீங்களேம்மா!" என்று விசா ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டிருந்தாங்க. எழுதினேன்" என்றாள் டிகிரி.

"எதுக்குப் போறீங்கன்னு கேட்டா, 'சுத்திப் பார்க்க'ன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே? 'நான் கட்டிக்கப் போறவரைப் பார்க்க'ன்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறவன் என்ன நினைப்பான்? இந்தப் பொண்ணு பார்த்துட்டு வரப் போகல, போய் ஒட்டிக்கப் போகுதுன்னுதான் நினைப்பான். அதான் முடியாதுன்னு அடிச்சுட்டான்."

"அப்ப பொய் எழுதணுமா?"

"பொய் எழுதச் சொல்லலம்மா. உண்மையை இவ்வளவு எழுத வேணாங்கிறேன்."

டிகிரி என்பது அவளுடைய பெயர் இல்லை. அவள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். பிசியோதெரபி படித்து முடித்த அன்று பஸ் டிப்போ மெக்கானிக்கான அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் "டிகிரி, சாப்பிட வா", "டிகிரி, கேஸ் தீர்ந்துபோச்சு" என்றே ஆகிவிட்டது. எழுத்து இருக்கும் எந்தக் காகிதமும் அவளிடம்தான் வரும். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பக்கத்து வீட்டுக்காரரின் கோர்ட் நோட்டீஸ் உட்பட. அப்படிப்பட்டவளின் சொந்த விண்ணப்பமே திரும்பி வந்தது வீட்டுக்கே தலைகுனிவாக இருந்தது.

"இத்தனை வருஷம் படிச்சு ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியலையே" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

எல்லாவற்றுக்கும் காரணம் லிஃப்ட்காரர். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் புது லிஃப்ட் மாட்ட வெளிநாட்டிலிருந்து வந்தவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அப்பா அம்மாவிடம் கற்றுக்கொண்ட தமிழை, ஒவ்வொரு சொல்லும் எடை தாங்குமா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். வேலையில் தோள்பட்டை பிசகி அவளிடம் வந்தார். கையைத் தூக்கச் சொன்னாள். கத்தினார்.

"கத்தாதீங்க. பக்கத்து கட்டில்ல ஒரு குழந்தையே சும்மா இருக்கு."

"அந்தக் குழந்தையை... நீங்க இன்னும் தொடல" என்றார்.

அங்கே ஆரம்பித்தது. லிஃப்ட் மாட்டி முடிந்தது, தோளும் சரியானது, அவர் ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு எல்லாம் போனில்தான். அவளுக்குக் காலை என்றால் அவருக்கு ராத்திரி. ஒருவர் பல் விளக்கும்போது இன்னொருவர் கொட்டாவி விடுவார். இப்படியே இரண்டு வருஷம். போனில் குடும்பம் நடத்த முடியாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யார் யாரிடம் போவது என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படவில்லை. பொண்ணு போகும். வெளிநாடு வேறு! "குடுத்து வெச்சவ" என்றாள் சித்தி. "பறந்துடுவ" என்றார்கள் கூட வேலை பார்க்கும் நர்ஸுகள்.

அந்த நாட்டில் அவள் படிப்பு செல்லாது. முதல் வருஷத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது உதவியாளாகக் கட்டில் தள்ள வேண்டும். அதற்கு அவளுக்குத் துளியும் மனமில்லை. எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிறவள், இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அம்மா, தங்கை, வேலை என்று எல்லாம் அங்கேயே இருக்கிற ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

ஏஜென்ட் மேசையைத் தட்டினார். "மொத்தம் மூணு வழி. ஒண்ணு, விசிட்டர் விசா. போய்ப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடணும். ரெண்டாவது, கட்டிக்கப் போறவங்களுக்கான விசா. போனதும் அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். மூணாவது, இங்க கல்யாணம் முடிச்சுட்டு அவர் போய் உங்களைக் கூப்பிடறது. அதுல கல்யாணம் பண்ணின கையோட ஆளுக்கு ஒரு மூலையில உக்காந்திருக்கணும்."

"அது இப்பவே நடக்குது."

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"முதல்ல போய் வீடு வாசலைப் பார்த்துட்டு வரணுமாம்."

"அப்ப விசிட்டர் விசாவையே மறுபடி போடுவோம். ஆனா இந்தத் தடவை வேர் காட்டணும். நீங்க திரும்பி வந்தே தீருவீங்கங்கிறதுக்கு ஆதாரம். உங்களுக்கு என்ன இருக்கு? வேலை கான்ட்ராக்ட், வீடு வாடகை, கல்யாணம் ஆகல. உங்களைப் பிடிச்சு இழுக்க இங்க ஒண்ணுமே இல்லையேம்மா!"

ஒன்றுமில்லாதவள் என்று ஒருவர் இவ்வளவு அக்கறையோடு அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று போனில் லிஃப்ட்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உனக்கு இங்க வர... ரொம்ப ஆசை, இல்லையா?"

"ஆசை இல்லாமலா இந்த நாய்ப்பாடு படறேன்?"

"சரி. உன் ஆசைதான்... முக்கியம்" என்றார், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில்.

போனை வைத்தபிறகு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒருத்தி தன் வேலையை, வீட்டை, படிப்பை எல்லாம் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். ஆளுக்கு ஒரு துள்ளல் வேண்டாமா?

முதல் வேருக்காகத் தலைமை டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், நான் இங்க பர்மனென்ட்னு ஒரு லெட்டர் வேணும்."

"நீதான் பர்மனென்ட் இல்லையே."

"லெட்டர்ல மட்டும் சார்."

"நான் பொய் எழுத மாட்டேன்" என்றார் டாக்டர். அவள் திரும்பி நடந்தாள். "நில்லு. பக்கவாத நோயாளிகளுக்குத் தனிப் பிரிவு வேணும்னு மூணு வருஷமா என் உயிரை வாங்கினியே. நிர்வாகம் சரின்னு சொல்லிடுச்சு. அதுக்கு நீதான் பொறுப்பு. இப்ப நீ பர்மனென்ட். இப்ப எழுதலாம்."

கடிதத்தோடு வெளியே வந்தவள் நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருஷம் தொண்டை கிழியக் கேட்டபோது வராதது, கிளம்புகிறேன் என்று முடிவெடுத்த பிறகு வந்து நிற்கிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய், நடைபழகும் கம்பிகளை எந்தச் சுவரோரம் போடுவது என்று அளக்க ஆரம்பித்தாள். அளக்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு வேர் போதாது" என்றார் ஏஜென்ட். "உங்களை நம்பி யாராவது இருக்கணும். அப்பா உடம்பு எப்படி?"

"தனி ஆளா பஸ் எஞ்சினையே இறக்கிடுவார்."

"அச்சச்சோ" என்றார் ஏஜென்ட்.

இதைக் கேட்ட அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அவ்வளவுதானே? நொண்டிட்டாப் போச்சு! நாலு பேர் பார்த்தா நாளைக்குச் சாட்சி சொல்வாங்க."

"அப்பா, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"உனக்குத் தெரியாது டிகிரி. அதிகாரி விசாரிக்க வீட்டுக்கே வருவான்."

அடுத்த நாளே குடியிருப்பின் நடைபாதையில் ஒத்திகையைத் தொடங்கினார். முதலில் இடது காலை இழுத்தார். பிறகு எந்தக் கால் என்று மறந்து வலது காலை இழுத்தார். "ஒரே கால்ல நில்லுங்க" என்று அம்மா வாசலைத் துடைத்துக்கொண்டே திருத்தினாள். அம்மா துடைத்த ஈரத்தில் அப்பா ஒரே காலில் நின்றார். அடுத்த நொடி தரையில் கிடந்தார்.

"ஐயோ, முட்டி!"

"இது நல்லா இருக்கு" என்றாள் அம்மா. "முகத்தை இன்னும் கொஞ்சம் சுளிங்க."

"அடியே, இப்ப நான் நடிக்கலடி!"

"குரல்ல கூட நடுக்கம் வருது பாரேன்" என்று எதிர் வீட்டம்மா பாராட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டிகிரிக்கு, வீங்கியிருந்த முட்டியைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சவ்வு கிழிந்திருக்கிறது. ஆபரேஷன், அதன் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. வேறு யாரிடமும் காலை நீட்ட மாட்டேன் என்று அப்பா அடம்பிடித்தார். "என் பொண்ணு டிகிரி வாங்கியிருக்கா. நான் எதுக்கு ஊரான்கிட்டப் போகணும்?"

ஏஜென்ட் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமை! ... அதாவது, பாவம். இனி சமூகத்துல ஒரு பொறுப்பு மட்டும் இருந்துட்டா போதும்."

அவர்கள் குடியிருப்பில் சங்கச் செயலாளர் பதவி எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. முந்தைய செயலாளர் தண்ணீர் மோட்டார் சண்டையில் மனம் உடைந்து வேறு ஏரியாவுக்கே குடிபோய்விட்டார். கூட்டத்தில் டிகிரி எழுந்து, "எனக்கு அந்தப் பதவி..." என்பதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. "தரணும்" என்ற சொல் யார் காதிலும் விழவில்லை.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. ஒரு நோயாளியின் கையைத் தூக்கிப் பிடித்தபடி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "மாமா, மேல் டாங்க் வால்வை மூடுங்க... இல்ல, உங்களை இல்லீங்க, நீங்க கையை இறக்காதீங்க" என்று பேசினாள். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் பல வருஷமாக இருந்த தண்ணீர்ச் சண்டையை ஒரே வாரத்தில் தீர்த்து வைத்தாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. அதன் பிறகு மாமியார் மருமகள் சண்டைகளும் அவளிடமே வந்தன.

"இப்ப பாருங்க, ஃபைலு!" என்று ஏஜென்ட் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "அப்புறம்... ஒரு சின்ன விஷயம். விசிட்டர் விசா வேணாம்."

"என்னது?"

"போன தடவை நீங்க எழுதின உண்மை அவங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கு. கட்டிக்கப் போறவர் அங்க இருக்கார்னு தெரிஞ்சபிறகு சும்மா பார்க்க விடமாட்டாங்க. அதனால ரெண்டாவது வழியிலயே போட்டுட்டேன். போனா ஒரேயடியா குடித்தனம்."

"அப்ப இந்த வேரெல்லாம்?"

"அதையும் உள்ளேயே வெச்சிருக்கேன். ஃபைல் கனமா இருந்தாத்தாம்மா ஒரு மரியாதை."

நேர்காணலன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நடுவயது அதிகாரி அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஃபைலைப் புரட்டப் புரட்ட அவள் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

"நிரந்தர வேலை. தனிப் பிரிவுக்குப் பொறுப்பு. அப்பா நடக்க முடியாம உங்களை நம்பி இருக்கார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாப்பது குடும்பம் கையெழுத்துப் போட்டு, நீங்க இல்லாம தண்ணி வராதுன்னு எழுதியிருக்காங்க."

"ஆமாங்க."

"இது அங்க போய் நிரந்தரமா இருக்கிறதுக்கான விசா. நீங்க இங்கேயிருந்து கிளம்புவீங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"அங்க அவர் இருக்கார்."

"அவர் இருக்கார், சரி. கல்யாணம் ஏமாத்து இல்லன்னு தெரியுது. ரெண்டு வருஷமா தினமும் பேசியிருக்கீங்க." அதிகாரி அம்மாள் ஃபைலை மூடிவிட்டு, முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அங்க போய் இருக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்காம்மா?"

ஏஜென்ட் இதற்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். டிகிரி அதைப் பல தடவை சொல்லிப் பார்த்தும் இருந்தாள். உண்மையை எழுதாமல் இருக்கத்தான் கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருக்க இன்னும் வரவில்லை.

"இல்ல" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த இடத்தில் உடனே ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. இனி அவரிடம் என்ன சொல்வது?

அதிகாரி அம்மாள் பெருமூச்சு விட்டுவிட்டு, கொடுக்க முடியாது என்கிற காகிதத்தைத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். தள்ளும்போது, "அப்பா முட்டிக்கு ஐஸ் வைக்கிறதா, வெந்நீர் வைக்கிறதா? எனக்கும் அதே தொந்தரவு" என்று தணிந்த குரலில் கேட்டாள். டிகிரி ஐஸ் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. சுவரோரம் ஒதுங்கி நின்று போனைப் பார்த்தாள். சங்கத்திலிருந்து ஆறு அழைப்புகள், ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு. எதையும் எடுக்கவில்லை. கட்டின மண்கோட்டை எல்லாம் இடிந்தது. விசா போனதுகூடப் போகட்டும். அங்கே போக ஆசை இல்லை என்று வாயாலேயே சொல்லிவிட்டாள். இதைக் கேட்டால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்? ஒவ்வொரு சொல்லையும் எடை போடுகிற ஆள். இந்தச் சொல்லை எப்படித் தாங்குவார்? அவருக்குப் போன் அடித்தாள். முதலில் உண்மையைச் சொல்லிவிடுவது, அதன் பிறகு அவர் விட்ட வழி.

எடுத்தது அவருடைய தங்கை.

"அண்ணியா? அண்ணன் இந்த ராத்திரியிலும் ஏதோ லிஃப்ட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டிருக்கான். போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டான். என்ன ஆச்சு, சொல்லுங்க!"

"விசா கிடைக்கலன்னு அவர்கிட்டச் சொல்லிடும்மா" என்றாள் டிகிரி. "மத்ததை நானே சொல்லிக்கறேன்."

எதிர்முனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"கிடைக்கலையா? அப்பாடா! அண்ணி, உங்க ஊர்லயே ஒரு லிஃப்ட் கம்பெனியில அண்ணனுக்கு வேலை கிடைச்சு, விசாவும் கைக்கு வந்தாச்சு. நீங்க இங்க வர இவ்வளவு ஆசைப்படறப்ப இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு மாசமா திருட்டு முழி முழிச்சுக்கிட்டுத் திரியறான்!"