லோயர் வீட்டு விறாந்தையில் நான் கீறிய படம்

கார் வாங்கினவனுக்கு எங்கள் ஊரில் யாரும் ஆலோசனை சொல்வதில்லை. அதைக் கொண்டுபோய் எதிலாவது இடித்தவனுக்கு ஊரே ஆலோசனை சொல்கிறது.

நான் இடித்தது காரைதீவுச் சந்தியில். கல்முனையிலிருந்து வந்து சம்மாந்துறைப் பக்கம் திரும்பும்போது, எதிரே நேராக வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் போய் முட்டினேன். (நெல் மூடை அடுக்கிய பெட்டி. அவ்வளவு பெரியதைக் காணாமல் முட்டவும் ஒரு திறமை வேண்டும்.) ஆளுக்கு ஒன்றுமில்லை. பெட்டியின் பலகை உடைந்து நெல் ரோட்டில் கொட்டியது. என் பொனட் கூடாரம் போல எழும்பி நின்றது. இரண்டு பக்கத்தாரும் புதன்கிழமை வரவேண்டும் என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் லோயர் பிடிப்பதா, வேண்டாமா?

என் மனைவி ஸபீனா, பிழை என்னுடையது என்பதால் போய் ஒத்துக்கொள்ளச் சொன்னாள். அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், ஜவாத் மச்சான், லோயர் இல்லாமல் போனால் லைசன்ஸைப் பறித்துவிடுவார்கள் என்றார். மச்சான் எப்போதோ ஒரு காணி வழக்கில் சாட்சி சொன்னவர். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் சட்டப் புத்தகம் அவர்தான். லைசன்ஸ் போனால் நான் படிப்பிக்கும் அக்கரைப்பற்றுப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் பஸ்ஸில் தொங்க வேண்டும். காலையில் ஸபீனா சொல்வது சரியாகப் பட்டது, பின்னேரம் மச்சான் சொல்வது. சலூன்காரர் இரண்டு லோயர் வேண்டும் என்றார். கழுத்தில் கத்தி இருந்ததால் அவருக்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மச்சான் சொன்ன லோயர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஒரு பெரியவர், வெள்ளைச் சேட்டும் சாரனுமாகக் காத்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். அவ்வளவுதான். பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

கையிலிருந்த ஃபைலில் ஒரு தாளை உருவி, அதன் பின்பக்கத்தில் சந்தியைப் படமாகக் கீறினேன். காருக்கு ஒரு சதுரம், உழவு இயந்திரத்துக்கு ஒரு செவ்வகம், போன திசைக்கு அம்புக்குறி. நான் ஃபோனைப் பார்த்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதற்கு 'அ' என்று பெயரும் போட்டேன்.

"சிக்னல் போட்டீங்களா?" என்று அமைதியாகக் கேட்டார்.

"இல்ல காக்கா. ஆனா மெசின்காரன்தான் வேகமா வந்தான் எண்டு சொல்லச் சொல்லி மச்சான் சொல்றார்."

"வந்தானா?"

"எங்க வாற? நடந்து வாற மாதிரித்தான் வந்தான், பாவம்."

அப்போது உள்ளேயிருந்து லோயர் எட்டிப் பார்த்து, காரைதீவு எக்ஸிடன்ட் விஷயமாக வந்தவர் யார் என்றார். நாங்கள் இருவரும் எழுந்தோம்.

உழவு இயந்திரத்தை ஓட்டியவனை நான் பார்த்திருந்தேன். அதன் சொந்தக்காரரைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். அவரும் என்னைப் போல, லோயர் பிடிப்பதா வேண்டாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"எனக்கு இனி லோயர் தேவல்ல சேர்," என்று லோயரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தப் படத்த மட்டும் தாங்க."

கொடுத்தேன். (ஏன் கொடுத்தேன் என்று ஜவாத் மச்சான் இன்றுவரை கேட்கிறார்.)

புதன்கிழமை பொலிஸில் அவர் அதை மேசையில் விரித்தார். சார்ஜன்ட் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆர் கீறின? நல்ல வடிவா இரிக்கி" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் என்று சொல்ல வெட்கப்பட்டேன். பிழையை ஒத்துக்கொண்டேன். பலகையும் நெல்லும் என் பொறுப்பு என்று முடிந்தது. லைசன்ஸ் என்னிடமே இருக்கட்டும் என்று அந்தப் பெரியவரே எனக்காகக் கதைத்தார்.

போன மாதம் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாசலில் கார் நின்றதுமே ஸபீனா என் சேட்டுப் பையிலிருந்த பேனையை எடுத்துக்கொண்டாள்.

"கதைக்கிறதெண்டா கதைங்க," என்றாள். "கீறிக் காட்டாதீங்க."