மடுவத்துக்குள் சிங்கப்பூர்

"இன்னையிலேருந்து மடுவத்துக்குள்ள யாரும் வெத்தல போடக்கூடாது."

ஜீவராணி இப்படிச் சொன்னதும் இஞ்சி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்தார்கள். வடிவம்மா மட்டும் வைக்கவில்லை. அப்போதுதான் அவள் வாய்க்குள் ஒரு முழு வெற்றிலை போயிருந்தது. வாயைத் திறக்க வழியில்லாமல் கத்தியை ஆட்டியே "ஏன்?" என்று கேட்டாள்.

"சட்டம்," என்றாள் ஜீவராணி.

வடிவம்மா எழுந்து வாசலுக்குப் போய், அவசரப்படாமல் துப்பிவிட்டு வந்தாள்.

"எந்தச் சட்டம்?"

"சிங்கப்பூர்ச் சட்டம்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே இலங்கையின் ஹாலிஎலத் தேயிலை மலை இருந்த இடத்தில்தான் இருந்தது.

அந்தக் கட்டிடம் முன்பு தோட்டத்துக் கொழுந்தை நிறுக்கிற மடுவம். தோட்டம் கைவிட்டதை ஜீவராணி வாடகைக்கு எடுத்து, இஞ்சி வெட்டிக் காயவைத்து, தேயிலையோடு கலந்து, பையில் போட்டு பதுளைக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். கொஞ்ச நாளாகக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "அடுத்த மாசம் பாப்போம்." அந்த நேரத்தில்தான் இத்தாலியிலிருந்து புருனோ என்று ஒருவர் இணையத்தில் பார்த்து ஆர்டர் கொடுத்தார்.

இது போய்ச் சேர்ந்து, அவருக்குப் பிடித்து, அடுத்த ஆர்டரும் வந்தால் மடுவம் பிழைக்கும். இல்லையென்றால் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால் பாதிப் பெண்கள் மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவார்கள், மீதிப் பேர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போவார்கள். இதை ஜீவராணி ஒளிக்காமல் அவர்களிடம் சொல்லியும் இருந்தாள்.

புருனோவை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவர் அனுப்பிய ஒப்பந்தத்தின் கனத்தைப் பார்த்து, கண்ணாடிக் கட்டிடம், லிஃப்ட், கோட்டுப் போட்ட வக்கீல்கள் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஆசை அந்த நேரத்தில்தான் வரும்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுமைத் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தான். 'எல்லா மொழியிலும் எல்லாம் செய்து தரப்படும்' என்று பலகை. அவன்தான் வாசித்துச் சொன்னான்.

"பதினாறாவது பிரிவு அக்கா. 'இந்த ஒப்பந்தம் சிங்கப்பூர் நாட்டுச் சட்டத்தால் ஆளப்படும்.'"

"ஆளப்படும்னா?"

"ஆளப்படும்னா ஆளுறதுதான். இனி உங்கட யாவாரத்துக்கு அந்த நாட்டுச் சட்டம்."

"நான் இருக்கிறது ஹாலிஎலயில தம்பி!"

"ஆள் ஹாலிஎல. யாவாரம் சிங்கப்பூர்."

வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நாளைக்குச் சண்டை வந்தால் எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பது என்பதற்காகப் போடுகிற வரி அது. சண்டை வராதவரை அது பாட்டுக்குக் காகிதத்தில் தூங்கும். இது ஹுமைத்துக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

"அங்க சட்டம் எப்படி?" என்று கேட்டாள் ஜீவராணி.

"எங்கட மச்சான் அங்க வேல செஞ்சவர். கண்ட இடத்தில துப்பினா அபராதம். சுயிங்கம் விக்கவே ஏலாது. சுவத்தில கிறுக்கினா பிரம்படி."

ஜீவராணி அன்றைக்கே மடுவத்துச் சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்த பழைய கணக்கையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் காலை வெற்றிலைக்குத் தடை வந்தது.

வடிவம்மா அந்தத் தடையை மதித்தாள். மதித்ததுதான் வினை. வாய் நமநமத்தபோதெல்லாம் எழுந்து வெளியே போனாள். அவள் போனால் மற்றவர்களும் போனார்கள். வேலை படுத்துவிட்டது.

"என்னக்கா இது, எல்லாரும் ரோட்டுல நிக்கிறீங்க?"

"உள்ளதானே சிங்கப்பூரு. ரோடு இலங்கதானே?"

ஜீவராணி யோசித்தாள். கேள்வியில் நியாயம் இருந்தது. எதற்கும் ஒரு தெளிவு வேண்டும் என்று ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வாசற்படியில் நீளமாகக் கோடு இழுத்தாள். சுவரில் கிறுக்கினால்தானே அடி, தரையைப் பற்றி ஹுமைத் ஒன்றும் சொல்லவில்லை.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தா வாய் சுத்தமா இருக்கணும்."

"பாஸ்போட்டு வேணாமா?" என்றாள் வடிவம்மா. பெண்கள் சிரித்ததில் மடுவத்துத் தகரம் அதிர்ந்தது.

அடுத்த நாள் ஜீவராணி வந்து பார்த்தபோது வெட்டுப் பலகைகள், கூடைகள், இஞ்சி மூட்டைகள் எல்லாம் கோட்டுக்கு வெளியே, விரித்த தார்ப்பாய்ப் படங்கின்மேல் இருந்தன. வெட்டுவது இலங்கையில், பையில் போடுவது சிங்கப்பூரில் என்று பெண்கள் தாங்களே பேசி முடித்திருந்தார்கள். இப்போது வாயும் ஓடியது, கையும் ஓடியது. அட, இது நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது என்று ஜீவராணி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

மத்தியானம் மலை இருட்டிக்கொண்டு வந்தது. படங்கைச் சுருட்டுவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. வெட்டிவைத்த இஞ்சி முழுவதும் நனைந்து, இரண்டே நாளில் பூஞ்சணம் பூத்தது. எல்லாவற்றையும் அள்ளிக் குழியில் கொட்டும்போது ஜீவராணிக்கு அழுகை முட்டியது. அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் பஸ் ஏறி நேரே ஹுமைத்திடம் போனாள்.

"தம்பி, எனக்கு இந்தச் சிங்கப்பூர் வேணாம். என்னால ஆள முடியல."

ஹுமைத் தாடையைச் சொறிந்தான். "மாத்தித் தரச் செல்லிக் கேட்டுப் பாப்பம். நம்மட நாட்டுச் சட்டம் எண்டு போடச் செல்றேன்."

"அவ்வளவு பெரிய ஆளு ஒத்துக்குவாரா?"

"கேட்டா தல போகுமா?"

மின்னஞ்சல் போனது. அன்று பின்னேரமே பதில் வந்தது. பதினாறாவது பிரிவில் சிங்கப்பூரை அடித்துவிட்டு இலங்கை என்று போட்டு, கையெழுத்தும் வைத்து அனுப்பியிருந்தார் புருனோ. இவ்வளவு சுலபமாக இறங்கிவந்தது ஜீவராணிக்கு நல்லதாகப் படவில்லை. பெரிய ஆட்கள் ஒரு சொல்லுக்கு இறங்கினால் உள்ளே ஏதோ வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் மடுவத்துக்கு வந்து கோட்டைக் காலால் அழித்தாள்.

"சிங்கப்பூர் போயிருச்சு. இனி நம்ம நாட்டுச் சட்டம்தான்."

பெண்கள் கைதட்டினார்கள். வடிவம்மா இடுப்பிலிருந்து பையை எடுத்து, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவா ராணி? இந்த மடுவத்துக்குள்ள இலங்கைச் சட்டமா?"

"ஆமாக்கா."

"அப்ப எங்களுக்கு ஈ.பி.எப். உண்டா?"

வடிவம்மா குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்தபோது அவளுக்கு அது இருந்தது. முதலாளி ஒரு பங்கு போட, இவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு போக, வயதான காலத்துக்கென்று சேர்ந்துகொண்டிருந்தது. மடுவத்துக்கு வந்தபிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிங்கப்பூர் வந்து போனதில் அவளுக்கு இது ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"பாப்போம்க்கா," என்றாள் ஜீவராணி. சொன்ன பிறகுதான் பதுளைக் கடைக்காரர்களின் குரல் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு நாட்டின் சட்டம் என்றதும் ஓடிப்போய்ச் சுவரைக் கழுவினேன், வெற்றிலையைப் பிடுங்கினேன். பிறந்து வளர்ந்த நாட்டின் சட்டம் இத்தனை வருஷமாக இதே மடுவத்துக்குள் இருந்தது. அதை மட்டும் ஏன் ஒருநாளும் கண்டுகொள்ளவில்லை? தூரத்துச் சட்டத்துக்குப் பயந்தவளுக்குப் பக்கத்துச் சட்டம் பழகிப்போய்விட்டது. இப்படி நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய அம்மாவும் தோட்டத்தில் ஈ.பி.எப். எடுத்துத்தான் வீட்டுக்கு ஓடு போட்டாள்.

மறுநாள் தொழில் அலுவலகத்துக்குப் போனாள். வியாபாரப் பதிவு எங்கே என்று கேட்டார்கள். அதற்குப் போனால் பிரதேச சபை அனுமதி எங்கே என்றார்கள். அங்கே போனால் கட்டிடம் யாருடையது என்று தோட்டத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் போய்க் கேட்டால், "எந்த மடுவம்?" என்றார் பெரிய கிளாக்கர். மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டே தோட்டம் அந்தக் கட்டிடத்தை மறந்துபோயிருந்தது. ஞாபகப்படுத்தியதும் முதல் வேலையாக வாடகையைக் கூட்டினார்கள்.

"சிங்கப்பூரே தேவலைபோல இருக்கே தம்பி," என்று ஹுமைத்திடம் புலம்பினாள்.

"நாந்தான் செல்லல்லியே அக்கா, மாத்துறது நல்லதெண்டு," என்றான் அவன், கண்ணைச் சிமிட்டாமல்.

எப்படியோ எல்லாப் பெண்களின் பெயரும் பதிவாயிற்று. அந்தச் செய்தியைச் சொன்ன அன்று வடிவம்மா, மற்றவர்கள் கிளம்பிய பிறகும் உட்கார்ந்து ஒரு மூட்டை இஞ்சியை ஒற்றை ஆளாக வெட்டி முடித்துவிட்டுத்தான் போனாள். அடுத்தடுத்த நாட்களில் எல்லாருமே அப்படித்தான் உழைத்தார்கள். ஆனாலும் அலைச்சலில் போன நாள் போனதுதான். சொன்ன தேதிக்குப் பிந்தித்தான் பெட்டிகள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இத்தாலிக்கு விமானம் ஏறின.

பெட்டிகளை ஒப்படைத்தாயிற்று என்று அனுப்புகிற கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. புருனோவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் ஜீவராணி போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் அப்படித்தான். ஹுமைத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பிந்தின சாமான்தானே அக்கா," என்றான் அவன் குரலை இறக்கி. "வக்கீலோட பேசிட்டு இரிப்பாங்க. வழக்கெண்டு வந்தா இனி இலங்கைச் சட்டம்தான். நாமதான் கேட்டு வாங்கினது."

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை; மடுவத்துக்கும் லீவு. ஆனாலும் விஷயம் கேள்விப்பட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கத்தியைத் தொடவில்லை. வடிவம்மா வெற்றிலைகூடப் போடவில்லை.

"பூட்டுறதுன்னா எங்ககிட்ட மொதல்ல சொல்லிரு ராணி," என்றாள் அவள். "வெளியில யாரும் சொல்லி நாங்க கேக்கக்கூடாது."

"சொல்லுறேன்க்கா," என்றாள் ஜீவராணி.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. இத்தாலி நம்பர்தான். எடுத்தவள், தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீசு வார்த்தையைச் சொன்னாள்.

"சாரி!"

"அக்கா, தமிழிலயே கதையுங்கோ," என்றது ஒரு இளம் குரல். "நான் சஜீவன், யாழ்ப்பாணம். புருனோவின்ர கடையில நிக்கிறன்."

ஜீவராணி போனைச் சத்தமாகப் பேசவிட்டு நடுவில் வைத்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பி, பெரிய கம்பெனிக்காரங்க ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

"கம்பெனியோ? அவரும் நானும்தான் அக்கா. ஒரு சின்னக் கடை. வைன், இறைச்சி, பாண் விக்கிறம். அந்த ஒப்பந்தத்தைக்கூட அவர் இன்டர்நெட்டில எடுத்து, எங்கட பேரைப் போட்டு அனுப்பினவர். பதினாறாம் பிரிவில என்ன கிடந்ததெண்டு நீங்கள் மாத்தச் சொல்லிக் கேட்டபிறகுதான் அவருக்கே தெரியும்."

"அப்ப சாமான்ல ஏதும் பிழையா?"

"சாமான் திறம் அக்கா. இன்னும் வேணுமெண்டு நேற்றே சொல்லிப்போட்டார்."

வடிவம்மா மார்பில் கைவைத்து உட்கார்ந்தாள். யாரோ விசும்பினார்கள். ஜீவராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது.

"அப்புறம் ஏன்ப்பா ஒரு நாள் முழுக்கப் போனை எடுக்கல? நாங்க இங்க செத்துப் பொழைச்சோம்!"

சஜீவன் குரலை ரகசியமாக்கிக்கொண்டான்.

"எப்பிடி அக்கா எடுக்கிறது, இலங்கைச் சட்டப்படி இண்டைக்குப் போயா, வைனும் இறைச்சியும் விக்கேலாதெண்டு, மனுசன் விடியவே கடையை இழுத்துப் பூட்டிப்போட்டு லைட்டையும் நூத்துப்போட்டு உள்ளுக்க பதுங்கி இருக்கிறார்!"