பாதிக் கேள்வியில் அடித்த மணி

எங்கள் ஊரில் யமன்கூட அவசரம் அண்ணைக்குப் பிறகுதான் வருவான். இது வெறும் பேச்சில்லை. சின்னத்தம்பி அப்புவுக்கு வருத்தம் கடுமை, இனித் தப்பமாட்டார் என்று கேள்விப்பட்டதும், செத்தவீட்டுப் பந்தல்காரரைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கியவர் அவர். அப்பு முற்றத்தில் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "பந்தல் ஆருக்கு?" என்று கேட்டார்.

அவருடைய ஓட்டோவில் நாங்கள் ஒரு காலை வைத்ததும் வண்டி கிளம்பிவிடும். மற்றக் காலை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் மனைவியோடு கதைத்துக்கொண்டே கிளிநொச்சிச் சந்தை வரை போன பிறகுதான், மனைவி இன்னும் வீட்டு வாசல் படலையடியில் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்ட மனிதரை எங்கள் அணியில் சேர்த்தது சுதா. என்னோடு படித்தவள், எதற்கும் அஞ்சாதவள். மார்கழி மழைக்குள் வாசிகசாலை பொது அறிவுப் போட்டி வைத்தது. அணிக்கு மூன்று பேர். மூன்றாவதாக வேறு ஆள் அகப்படவில்லை. ஒவ்வொரு மேசையிலும் பலகையில் பூட்டிய ஒரு சைக்கிள் மணி. முதலில் அடிப்பவர் மறுமொழி சொல்லலாம், பிழைத்தால் புள்ளி குறையும். வராதவர்களும் கேட்கட்டும் என்று ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். வெள்ள அறிவித்தலும் அதே ஸ்பீக்கர்களில்தான் வரும்.

எனக்குப் போட்டியில் மனம் நிற்கவில்லை, பயம்தான் நின்றது. எங்கள் வீடு ஆற்றோரம். இரணைமடுக் குளம் நிரம்பி, அணைக்கட்டின் வான்கதவைத் திறந்தால் தண்ணீர் எங்கள் படலைக்கு வந்துவிடும். அம்மாவோ காலை முறித்துக்கொண்டு, கட்டோடு தனியே கட்டிலில் இருந்தார். "போட்டு வா மோனை, நான் எங்கை ஓடப் போறன்," என்று சிரித்துத்தான் அனுப்பினார். மண்டபத் தகரத்தில் மழை இரைக்கும்போதெல்லாம் எழும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"இலங்கையின் மிக..." என்று அதிபர் முதல் கேள்வியைத் தொடங்கினார்.

டிங். "பீதுருதலாகலை," என்றார் அவசரம் அண்ணை.

"அது மிக உயர்ந்த மலை. மிக நீளமான ஆறு எது எண்டு கேக்க வந்தனான் தம்பி."

சுதா மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். "மறுமொழி தெரிஞ்சால் மட்டும் அடியுங்கோ அண்ணை."

"முதல்லை அடிப்பம் பிள்ளை. பிறகு யோசிக்கலாம்தானே."

சுதாவைத் தாண்டியும் அண்ணையின் கை மணிக்கு நீண்டது. கொஞ்ச நேரத்திலேயே நாங்கள் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டோம். அப்போதுதான் அதிபர் மைக்கில் அந்தக் கேள்வியை வாசித்தார்.

"இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் அனைத்தும் திறக்கப்பட்டு, வெள்ளம் முதலில் வந்து சேரும்..."

டிங்.

மணி அடித்தால் வாசிப்பை நிறுத்த வேண்டும் என்பது விதி. அதிபருக்கு விதி என்றால் உயிர். மைக்கை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவசரம் அண்ணை கூரையைப் பார்த்தார். ஸ்பீக்கர் பாதி வசனத்தில் ஓய்ந்தது. வெளியே யாரோ கத்தினார்கள்: "வான் திறந்திட்டாங்களாம், மாட்டை அவிட்டு விடுங்கோ."

எங்கள் சனத்துக்கு ஓடுவதற்குப் பாதி வசனம் போதும். சண்டைக்கும் வெள்ளத்துக்கும் எத்தனை தரம் ஓடியவர்கள். பிள்ளைகள், மாடுகள், எந்த வீட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் தொங்கும் பத்திரப் பைகள், எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன. "கேள்விதான், அது கேள்விதான்," என்று அதிபர் மைக்கைப் பிடித்துக் கத்தினார். அதற்குள் யாரோ வயரில் கால் தடக்கி ஸ்பீக்கர் செத்துவிட்டது.

மண்டபத்தில் இருந்த எங்களுக்கு அது கேள்வி என்று தெரியும். தெரிந்தும் எல்லோரும் ஓடினோம். விழுந்து கிடந்த சைக்கிள்களுக்கு அடியில் என் மோட்டார் சைக்கிள் அகப்பட்டுக் கிடந்தது. அதை விட்டுவிட்டுச் சேற்றில் ஓடினேன். உண்மையாகவே திறந்திருந்தால்? கட்டிலில் அம்மா, தரையில் தண்ணீர். வேறெதுவும் கண்ணில் தெரியவில்லை.

பாதி வழியில் எதிரே ஒற்றை வெளிச்சம். ஓட்டோ. பின் சீற்றில் அம்மா, மடியில் பத்திரப் பையோடு, கட்டுப் போட்ட காலை மழைக்குள் நீட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணை, அது கேள்வி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"கேள்வி எண்டு தெரியும் தம்பி. மறுமொழிதான் தெரியேல்லை. உங்கடை வீடாய் இருந்திட்டால்? அதுதான் கொம்மாவை ஏத்திக்கொண்டு வந்தனான்."

"எங்கை ஏத்தினவர்? ஒரு காலைத்தான் வைச்சனான், ஓட்டோவை எடுத்திட்டார்," என்றார் அம்மா.

அன்று வான்கதவு திறக்கவில்லை. போட்டியில் நாங்கள்தான் கடைசி.

இப்போதும் மழை கனத்தால் எனக்குப் பயம்தான். ஆனால் நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு ஓட்டோ வந்து எங்கள் படலையடியில் நிற்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு நித்திரை வரும். எனக்கும்தான்.