கண்ணாடியரின் கடலடிக் கதிரை

“…கடலுக்குள்ள கிடந்தா என்ன, கரையில கிடந்தா என்ன, கதிரை எண்டா இருக்கத்தானே. இருங்கோ முதலாளி,” என்றார் கண்ணாடியர்.

சத்தம் போடவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. அதுதான் புதினம். மன்னார் மாவட்டத்துக் கோபம் முழுவதையும் தராசில் போட்டால் கண்ணாடியரின் தட்டு தரையில் முட்டும். மிச்சச் சனம், அரசாங்கக் கச்சேரியில் அலுவலுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் உட்பட, மற்றத் தட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டினத் தெருவில் கழுதை குறுக்கே நின்றால் பஸ் ஒதுங்கிப் போகும். கண்ணாடியரின் சைக்கிள் வந்தால் கழுதை ஒதுங்கிப் போகும். அப்படிப்பட்ட மனுசன் மெல்லிய குரலில் “இருங்கோ” என்று சொன்னதை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

கதிரை எப்படி வந்தது என்று சொல்ல முதல் ஆளைச் சொல்லவேண்டும்.

சங்கு குளித்து வளர்ந்தவர். நெற்றியில் எந்நேரமும் ஒரு கறுத்த ரப்பர் நீர்க்கண்ணாடி ஏறியிருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது. மாதா கோயில் பூசைக்கும் நற்கருணைக்கும் அதோடுதான் போவார். “அதைக் கழட்டிப்போட்டு நன்மை எடுக்கலாமே” என்று சுவாமியார் தன்மையாகக் கேட்டதற்கு, “உங்கட தோளில கிடக்கிறதை நான் கழட்டச் சொன்னனானே, சுவாமி?” என்று திருப்பிக் கேட்டவர். இடம்பெயர்ந்து ஓடியபோது ஒருவர் தையல் மெசினைத் தூக்கினார், ஒருவர் மாதா சுருவத்தைத் தூக்கினார். இவர் கண்ணாடியை மட்டும் நெற்றியில் ஏற்றிக்கொண்டு போனார். முகாமில் பதிவு எழுதிய உத்தியோகத்தர் “இதென்ன?” என்று கேட்டாராம்.

“கண்ணாடி.”

“இஞ்ச கடல் இல்லையே, ஐயா?”

“அதுதான் எனக்குக் கோவம்.”

மீள்குடியேற்றம் என்று சொல்லி எங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது அவருக்குப் படகும் இல்லை, எஞ்சினும் இல்லை. எனக்கு வீட்டில் கூரை இல்லை. அந்த நேரத்தில்தான் சிலாவத்துறைப் பக்கக் கரையில் கொழும்பிலிருந்து ஒரு முதலாளி வந்து கிடுகுக் கொட்டில் போட்டார். உல்லாசத்துக்காகக் கடலுக்கடியில் போய்ப் பார்க்க வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் வருவார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறையான முருகைக்கல்லையும் மீனையும் பார்ப்பார்கள். முதலாளிக்குக் காதுவலி. அவர் தண்ணீருக்குள் தலையை வைக்கமாட்டார். வள்ளத்தில் தொப்பியோடு இருப்பார். கண்ணாடியர் வழிகாட்டி. நான் சிலிண்டருக்குக் காற்று அடிக்கிறவன், அரைகுறை ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் நானே ஆள். அதனால் கண்ணாடியர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “டேய் கொம்பிரசர்!”

தண்ணீருக்கடியில் வாயால் ஏச முடியாது என்பதை அவர் இறைவன் தனக்குச் செய்த அநியாயமாகவே எடுத்துக்கொண்டார். அதற்கும் வழி கண்டார். ஒரு சின்னப் பலகையும் பென்சிலும் இடுப்பில் கட்டிக்கொண்டு போய், அங்கேயே எழுதி நீட்டுவார். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கால்துடுப்பால் முருகைக்கல்லில் உதைத்துவிட்டாள். கண்ணாடியர் பலகையில், ‘கல்லில உதையாதை, எருமை’ என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கரைக்கு வந்து, அந்தப் பலகையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு, அர்த்தம் என்னவென்று என்னிடம் கேட்டாள்.

“கடல் உங்களை வரவேற்கிறது” என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டு மாதத்தில் படம் வந்தது. அந்தப் பலகையைச் சட்டம் போட்டுத் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தாள். கண்ணாடியர் பார்த்தார். “ஏசினது போய்ச் சேராட்டி ஏசினவனுக்குத்தான் பாவம்” என்று இரண்டு நாள் என்னைத் துரத்தித் துரத்தி ஏசினார். அவருடைய வாய்மொழிகளை நான் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். ‘கோவம் உப்பு மாதிரி, இல்லாட்டிச் சோறு பழுதாப்போகும்.’ இது ஒன்று. ‘மீன் கிடக்கிற இடத்தைச் சொல்லுறவன் மீன்காரன் இல்லை, தரகன்.’ இது இன்னொன்று. இந்த இரண்டாவதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடலில் மூழ்கித் தாண்ட கப்பல் ஒன்று கிடந்தது. அரிசிக்கப்பல் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அரிசி ஏற்றியதை ஒருவரும் கண்டதில்லை. அந்த இடம் கண்ணாடியர் ஒருவருக்குத்தான் தெரியும். கரையைப் பார்த்து, கோயில் கோபுரமும் தண்ணித்தாங்கியும் ஒன்றுக்குள் ஒன்று மறைகிற கோட்டைப் பிடிக்கவேண்டும். பக்கக் கோட்டுக்குப் பள்ளிவாசல் மினாராவும் ஒரு ஒற்றைப் பனையும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே கப்பல். அவருடைய ஜீ.பி.எஸ் அதுதான்.

முதல் பயணத்தில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். கோபுரம் தாங்கிக்குள் மறைந்தது, மினாரா பனைக்குள் மறைந்தது, நங்கூரம் விழுந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கீழே மணல். மணலுக்கு நடுவே ஒரே ஒரு இரும்புக் கதிரை, உத்தியோகத்தர் இருக்கிற கந்தோர்க் கதிரை, யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதுபோல் நிமிர்ந்து நின்றது. எந்தக் கந்தோரிலிருந்து எந்தச் சண்டையில் போய் விழுந்ததோ.

“கப்பல் இல்லை, கதிரைதான் இருக்கு” என்று கொழும்புப் பெடியன்கள் வள்ளத்தில் ஏறிச் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. “நீர் பொய் சொல்லித்தானே மேன் வேலைக்கு வந்தது? இன்னும் ஒரு கிழமை தாறன். கப்பலைக் காட்டும், இல்லாட்டிப் போம்” என்றார்.

கண்ணாடியர் கரைக்கு வந்து நேரே தண்ணித்தாங்கிக்குப் போனார், அதை ஏச. அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனுசிதான் சொன்னாள்: “இது புதுசு, அண்ணை. பழையது றோட்டுக்கு அங்கால நிண்டது. ஷெல்லடியில விழுந்திட்டுது.”

அதே உயரம், அதே நீலப் பெயின்ற். ஆனால் இருநூறு முழம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் முகாமில் கிடந்த நேரத்தில் கட்டியது. திரும்பி வந்து, ஊரில் ஒன்றாவது நின்ற இடத்தில் நிற்கிறதே என்று கண்ணாடியர் அந்தத் தாங்கியைத்தான் நம்பியிருந்தார்.

அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு, தாங்கிக்குப் பொறுப்பான ஒரு பெரிய கந்தோருக்குப் போனார்.

“தாங்கியைத் திருப்பிப் பழைய இடத்தில வையுங்கோ.”

“ஏன் ஐயா, தண்ணி வரேல்லையே?” என்றார் உத்தியோகத்தர்.

“தண்ணி வருது. வழிதான் வரேல்லை.”

“சரி, முறைப்பாட்டை எழுதித் தாங்கோ. அந்தக் கப்பல் எந்த இடத்தில கிடக்கு எண்டும் போடுங்கோ.”

“அதைப் போட்டா பிறகு தாங்கி என்னத்துக்கு?” கண்ணாடியர் மேசையில் அடித்த அடியில் மைப்போத்தல் எழும்பி இருந்தது.

எனவே தாங்கியாக நிற்கிற வேலை எனக்கு வந்தது. பற்றைக்குள் பழைய தாங்கியின் சீமெந்துக் கால்கள் நான்கும் முறிந்து கிடந்தன. மிதிவெடி எடுத்து முடிந்து சிவப்புப் பலகை கழற்றிய இடம்தான். என் கால்களுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. நீளமான மூங்கிலின் நுனியில் என் மனுசியின் சிவப்புச் சீலையைக் கட்டி, அந்தக் கால் ஒன்றின் மேல் என்னை ஏற்றிவிட்டு, “அசையக்கூடாது. தாங்கி அசையுமே?” என்று சொல்லிவிட்டு அவர் வள்ளத்தில் போனார்.

சண்டை முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கடலைப் பார்த்தபடி சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழன் மூன்று மணித்தியாலம் நின்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். “மொகத மே?” இதென்ன என்று கேட்டார்கள். யாருக்குச் சைகை காட்டுகிறாய் என்று கேட்டார்கள்.

“ஒருவருக்கும் இல்லை. நான் தண்ணித்தாங்கி” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

பொழுது சாயும்வரை ஆமிக்காரரின் காவல் சென்றியில் குந்தியிருந்தேன். சீலை திரும்பி வரவில்லை. அதற்கு மனுசி ஏசியது வேறு கதை. கொட்டிலுக்கு வந்தால், நன்றி சொல்வார் என்று பார்த்தேன். கண்ணாடியர் துள்ளி எழும்பினார்: “ஏன்ரா பத்தரைக்கே இறங்கினனீ? தாங்கி பத்தரைக்கு இறங்குமே?”

“அண்ணை, என்னைப் பிடிச்சிட்டாங்கள்.”

“கப்பல் கிடக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

நான் அவரோடு கதைப்பதை விட்டேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அதன் பிறகு கொட்டிலுக்கு நல்ல காலம். போனவர்கள் எல்லாம் கப்பலைக் கண்டு வாய் பிளந்து வந்தார்கள். கலவாய் மீன் கதவடியில் காவல் நிற்கிறதாம், பாரைக் கூட்டம் கூரைபோல் நிற்கிறதாம். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. சிலிண்டர்கள் வெறுமையாக வந்தன. “மூச்சை மிச்சம் பிடி, மூச்சை மிச்சம் பிடி” என்று அவர் வள்ளத்தில் எல்லோரையும் ஏசுவதும் இரட்டிப்பானது. காற்று எப்படி இவ்வளவு கெதியாக முடிகிறது என்று சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன். “நீ அடி. கேளாதை” என்றார்.

முதலாளி ஒரு சின்ன ஜீ.பி.எஸ் வாங்கி வந்தார். “இடத்தில வைச்சு ஒருக்கா அமத்தும், மேன். நீர் செத்துப்போனா கப்பலும் செத்துப்போகும்.”

“போகட்டும்” என்றார் கண்ணாடியர்.

காரணம் எனக்குத் தெரியும். ஊர் திரும்பிய புதிதில், இன்னொரு சின்னக் கப்பல் கிடந்த இடத்தைக் கூடத் தொழில் செய்த ஒருவனுக்கு நம்பிச் சொன்னவர். அவன் இன்னொருவனுக்குச் சொன்னான். ஒரு மாதத்துக்குள் டைனமைட் போட்டு மீனை அள்ளினார்கள்; பிறகு வாயு வைத்து இரும்பை வெட்டி லொறியில் ஏற்றினார்கள். கண்ணாடியர் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். குஞ்சு மீன்கூட மிஞ்சவில்லை, கல்லெல்லாம் மாவாகக் கிடந்தது என்றார். ஷெல்லடியில் தப்பியதை எல்லாம் சமாதான காலத்தில் தின்று முடிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்களை நினைத்தால் இதை எழுதுகிற பேனை இப்போதும் கடதாசியைக் கிழிக்கிறது.

முதலாளி பிறகு கேட்கவில்லை. கேட்காததுதான் பிழை. ஒருநாள் வள்ளத்தில் அவருடைய காற்சட்டைப் பைக்குள் ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நானும் கேட்டேன், கண்ணாடியரும் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். நெற்றிக் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு குதித்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ‘கடைசியில் இவரும் வாங்கப்பட்டுவிட்டார்’ என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பத்தாம் நாள், சோளகக் காற்று தொடங்குகிற நேரம், ஒரு பெரிய வள்ளம் நேரே எங்கள் கொட்டிலுக்கு முன்னால் வந்தது. பழைய இரும்புக்காரர். ஆறு முரட்டு ஆட்கள், கூடவே வெட்டுகிற வாயுச் சிலிண்டர்கள். அதில் ஒருவன் சிப்பி ஒட்டிய அந்தக் கந்தோர்க் கதிரையைத் தூக்கி முதலாளியின் காலடியில் எறிந்தான்.

“இந்தாங்கோ உங்கட கப்பல். ரெண்டு நாள் தேடினம். இவ்வளவு இரும்புதான்.”

முதலாளி கண்ணாடியரிடம் திரும்பினார். முகம் செத்த நண்டு நிறத்தில் இருந்தது. “என்ன மேன் இது? நான் ஒருவருக்கும் இடம் குடுக்கேல்லை…”

“அப்ப கதிரை தானா நடந்து வந்ததே?” என்று நான் கேட்டுவிட்டேன். 

அப்போதுதான் கண்ணாடியர் அந்த மெல்லிய குரலில், முதலாளியை இருக்கச் சொன்னார்.

முதலாளி இருக்கவில்லை. “உமக்கு இனி இஞ்ச வேலை இல்லை” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். இரும்புக்காரர் அவரைத் திட்டிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார்கள். கரையில் நானும் கண்ணாடியரும் கதிரையும் மிஞ்சினோம்.

“எப்பிடி அண்ணை?” ஒரு மாதத்துக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் வார்த்தை.

“நங்கூரம் எந்த நாளும் புதுத் தாங்கிக் கணக்கிலதான் போட்டனான். கதிரையடியில எல்லாரையும் சேர்த்து, அங்கயிருந்து கப்பலுக்கு நீந்திப் போறது. கதிரை பாக்கிற பக்கம் நேர, கால்துடுப்பால இருநூற்றிப்பத்து உதை. விசரங்கள், வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்.”

சிலிண்டர் வெறுமையாக வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் இடுப்புக் கத்தியை எடுத்து, இருக்கையில் ஒட்டியிருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். ஒவ்வொன்றையும் ஏசிக்கொண்டே சுரண்டினார். பிறகு சாரத் தலைப்பால் துடைத்தார். நான்கு காலும் மணலில் சரியாகப் பதிகிறதா என்று அமத்திப் பார்த்து, கதிரையைக் கடல் பக்கம் திருப்பி, எனக்கு முன்னால் வைத்தார்.

“இரடா. மூண்டு மணித்தியாலம் நிண்டனீயெல்லே.”