மாப்பிள்ளை சித்தப்பாவான விபரம்

ஸ்காபரோ,
வெள்ளிக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்மந்தி யோசப் அவர்களுக்கு (இன்னும் அப்படி அழைக்கலாம் என்ற நம்பிக்கையில்),

அமிர்தநாதர் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கிளடிஸும் மகள் ஸ்டெபனியும், என்னுடைய பிரஷரைத் தவிர, ஆண்டவர் அருளால் சுகமாக இருக்கிறோம். ரெக்ஸ்டேலில் தாங்களும் தங்கள் பாரியார் செலீனும் மகன் டெனிஸ்டனும், தங்களுடைய கோபத்தைத் தவிர, அவ்வாறே சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். தாங்கள் என் தொலைபேசி இலக்கத்தைத் தடைசெய்துவிட்டதாலும், சென்ற ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் நான் நீட்டிய கையைத் தாண்டிப் போய் எனக்குப் பின்னால் நின்ற தூணுக்குச் சமாதானம் சொன்னதாலும், இதைத் தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று. நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு கிழிக்கவும்.

தங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் நடக்கவிருந்த கலியாணத்தில், மண்டபத்துத் திரையில் இரண்டு குடும்பங்களின் வம்சமும் மரம்போல விரிய வேண்டும் என்று ஆசைப்பட்டது ஸ்டெபனி. அதற்குத் தோதான மென்பொருளைத் தெரிவுசெய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். "பேசாம ஒரு மட்டையில கீறிக் குடுங்கோவன்," என்று கிளடிஸ் அப்போதே சொன்னாள். ஆனால் நான் மாவைக் குழைத்துப் பாண் சுடும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. வெட்டிப் பார்க்காமல் ஒரு பாணையும் வெளியே விட்டவன் அல்ல. ஆகவே மூன்று மென்பொருள்களை இறக்கி, நம் எல்லாருடைய பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் மூன்றிலும் ஏற்றி, எது நன்றாக வேகிறது என்று பார்த்துத் தெரிவுசெய்வதென முடிவெடுத்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் கருகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலாவது மென்பொருளுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். என் பெயர் அமிர்தநாதர், அப்பா மனுவேல், அவருடைய அப்பா சந்தியாப்பிள்ளை என்று எழுதினால், ஒருவருடைய பெயரும் மற்றவருடைய பெயரோடு ஒத்துவரவில்லையே, இந்தப் பிள்ளை தத்தெடுக்கப்பட்டதா என்று அது கேட்டது. இல்லை என்றேன். அடுத்தவருக்கும் கேட்டது. இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்தி அழுத்தி விரல் நொந்து, ஒரு கட்டத்தில் தொல்லை தொலையட்டும் என்று ஆம் என்பதை அழுத்திவிட்டேன். அந்த ஒரேயொரு ஆம் என்பதை அது என் முழு வம்சத்துக்கும் பிரித்துக் கொடுத்து, மன்னாரில் வெள்ளைக்காரன் கால்வைத்த காலம் தொட்டு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒருவருக்கும் பிறக்கவில்லை என்று எல்லாருக்கும் மின்னஞ்சலில் அறிவித்தும் விட்டது. பாரிஸிலிருந்து என் அண்ணர் பெனடிக்ற் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. நான் ஆரின்ர பிள்ளை?"

"அண்ணை, அது மிசின் விட்ட பிழை."

"சின்னனிலேயே யோசிச்சனான், எனக்கு மட்டும் ஏன் இப்பிடி ஒரு மூக்கெண்டு."

"உங்கட மூக்கு அச்சு அசல் அப்பான்ர மூக்கு, அண்ணை."

"அப்பாவையும் தத்தெடுத்ததெண்டுதானே போட்டிருக்கு!" என்று சொல்லி வைத்துவிட்டார். தங்களால் முடிந்தால் அவருக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லவும்.

இரண்டாவது மென்பொருள் பிறந்த ஆண்டைத்தான் பெரிதாக மதிக்கும். கிளடிஸின் பெரியம்மா பிலோமினாவின் ஆண்டைப் பதியும்போது என் விரல் வழுக்கி, அவருக்கு நூறு வயது கூடிவிட்டது. இந்த வயதில் ஒருவர் உயிரோடு இருப்பது முறையல்ல என்று தானே தீர்மானித்த மென்பொருள், மெழுகுதிரிப் படத்தோடு எல்லாருக்கும் அனுதாபச் செய்தி அனுப்பியது. சனம் தட்டுத் தட்டாகச் சாப்பாட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. வாட்சப்பில் கண்ணீர். நான் மறுப்புச் செய்தி எழுதி முடிப்பதற்குள் கோயிலில் யாரோ அவருக்கு இரங்கற் பூசைக்கு ஒழுங்கும் செய்துவிட்டார்கள். அந்தப் பூசைக்குப் பெரியம்மாவே பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வந்து முன் வாங்கில் இருந்தார். யாருக்கென்று கேட்கவுமில்லை, எல்லாப் பாட்டையும் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினார். சுவாமியார் "பிலோமினாவின் ஆன்மா" என்று சொன்னபோது, "ஐயோ, பாவி, அவளும் என்ர பேர்க்காரி," என்று விம்மினார். சுவாமியார் அவரைக் கண்டுவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தில் இடம் தேடினார். பிறகு விசயத்தை விளங்கப்படுத்தினால், பெரியம்மாவுக்கு என்னோடு ஒரேயொரு கோபம்தான். "எனக்கெண்டு முதலே சொல்லியிருந்தா அந்த நாவல் நிறச் சீலையைக் கட்டியிருப்பனே, தம்பி."

இனித் தங்கள் விசயம். மூன்றாவது மென்பொருள் துப்புரவானது. ஒரே ஆள் இரண்டு தரம் பதியப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். என் அப்பாவின் தம்பி, காலஞ்சென்ற சித்தப்பாவின் பெயரும் யோசப். புனித யோசப்பாகிய சூசையப்பரின் திருநாளில் பிறந்த ஆண்பிள்ளைக்கு எங்கள் ஆட்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தாங்களும் அதே திருநாளில் பிறந்தவர். சித்தியின் பெயரும் செலீன். ஆண்டு மட்டும் வேறு. அது தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று எனக்காக இரங்கி, நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரத்தில் மென்பொருள் தங்களையும் சித்தப்பாவையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அதோடு தங்கள் மகன் டெனிஸ்டன் எனக்குத் தம்பியாகி, மணமகளுக்குச் சித்தப்பா ஆனான். அதைப் பூப் போட்ட அட்டையில், "உங்கள் சிற்றப்பனை வாழ்த்துங்கள்!" என்று எழுதி இரண்டு வீட்டுக்கும் அனுப்பியதும் அதே மென்பொருள்தான். நானல்ல.

அன்று பின்னேரமே தங்கள் பாரியார் எடுத்தார். கிளடிஸ் தொலைபேசியைச் சத்தமாக வைத்தாள். "பேத்தியை மருமகளா எடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை," என்ற குரல் குசினி முழுக்கக் கேட்டது. கிளடிஸ் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளோ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்டெபனி என் முன்னாலேயே, "சித்தப்பா, கோப்பி வேணுமோ?" என்று டெனிஸ்டனைக் கேட்டாள். "அப்பா, இற்ஸ் ஓகே, சும்மா டிலீற் பண்ணிட்டுப் படுங்கோ," என்று எனக்கும் புத்தி சொன்னாள். நான் படுக்கவில்லை. மென்பொருள் கம்பனிக்கு எழுதினேன். ஒன்றான இருவரை மீண்டும் பிரிப்பதற்குச் சம்பந்தப்பட்டவரே விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். சரி, யோசப்பைச் சொல்லி விண்ணப்பிக்க வைக்கிறேன் என்றேன். அவர் காலமாகிவிட்டார், எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று பதில் வந்தது. சித்தப்பாவின் இறந்த திகதி தங்கள் மேல் ஏறியிருக்கிறது. ஆகவே, தயவுசெய்து, இன்றைய பத்திரிகையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பவும். சிரிக்கத் தேவையில்லை.

சம்மந்தி, தாங்கள் நெடுந்தீவு, நாங்கள் மன்னார். தங்கள் அப்புவும் எங்கள் அப்புவும் கடலில் ஒரே மீனைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். மூன்று மென்பொருளையும் அழித்துவிட்டேன். ஸ்டெபனி எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் சாப்பாட்டு மேசையின் நாலாவது கதிரையில் எத்தனையோ வருசமாகப் பழைய பேப்பர் கட்டுத்தான் இருந்தது. டெனிஸ்டன் வரத் தொடங்கிய பிறகுதான் அதைத் தூக்கிக் கராஜில் வைத்தோம். அந்தக் கட்டைத் திரும்பவும் உள்ளே கொண்டுவர எனக்கு மனமில்லை. நின்றுபோன கலியாணத்தைத் தாங்கள்தான் மீண்டும் எழுப்பித் தரவேண்டும். பிழை முழுவதும் என்னுடையது, பிள்ளைகளுடையது அல்ல.

ஆண்டவர் தங்கள் வீட்டு வாசலையும் பின்வாசலையும் காப்பாராக. தங்கள் பிரஷரும் என்னுடையதும் ஒருமிக்க இறங்குவதாக. தங்கள் விரல் என் இலக்கத்தின் மேலுள்ள தடையை நீக்குவதாக. செலீனுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் மகனுக்கு அண்ணனும் அல்லாத, தங்களுக்குப் பெறாமகனும் அல்லாத,
ம. அமிர்தநாதர்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கிளடிஸ் இதை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். கலியாணம் ஒரு நாளும் நிற்கவில்லையாம். தாங்களும் நானும் பேசிக்கொண்டிருந்த ஆறு மாதமும் மேளமா பாண்ட் வாத்தியமா என்பதிலிருந்து மேசை விரிப்பின் நிறம் வரை ஒன்றும் முடிவாகவில்லையாம். நாங்கள் கோபித்துக்கொண்ட பிறகு செலீனும் இவளும் மண்டபம், சாறி, சாப்பாடு, அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிவிட்டார்களாம். இனிக் கேக்கும், யார் எந்த மேசையில் இருப்பது என்பதும்தான் மிச்சமாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அவள், கலியாணம் வரை நாம் இருவரும் கோபமாகவே இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறாள். ஆகையால் மேலே எழுதிய மன்னிப்பை ஏற்க வேண்டாம். தடையை எடுக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு பூசையில் நான் தங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்புவேன், தாங்களும் தயவுசெய்து திருப்பவும். கேக் வெட்டும்போது சந்திப்போம்.