பதினாலு பேர் குடியிருந்த வீடு

இன்றைக்கு மனைவி ராஜஸ்ரீயின் வாயை அடைத்தே தீருவது என்று கோகுல்நாத் சபதம் எடுத்திருந்தான். பின்னே? ஆறு மாசமாக புனே சிஞ்ச்வட் ஃபிளாட்டில் ஒரே பாட்டு.

"ஏனுங்க, வர்றவங்க போறவங்க தங்கறதுக்கு ரெண்டு பெட்ரூம் பத்தாதுங்க. மூணு பெட்ரூமுக்குப் போயரலாமுங்க."

சாகணில் இருக்கிற அவன் கம்பெனியின் பஸ் வாசலிலேயே வந்து நிற்கிற வீடு. அதை விட்டுவிட்டு மூட்டை கட்டுவதாவது!

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக முல்ஷி ரோட்டிலிருந்த பழைய வீடுகள் மியூசியத்துக்கு அவளை இழுத்து வந்திருந்தான். ஊர் ஊராகப் பிரித்து எடுத்து வந்து, ஓடு மாறாமல் தோட்டத்தில் மறுபடி கட்டி வைத்த வீடுகள். அதில் ஏழாம் நம்பர், கொங்கண் வீடு. ரெண்டே அறை. அதில் பதினாலு பேர் குடியிருந்தார்கள் என்று வெப்சைட்டில் படித்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ராஜஸ்ரீயோ முதல் வீட்டை விட்டே நகரவில்லை. கதவைத் தட்டினாள். தூணைத் தடவினாள். நடுநடுவே போனை நோண்டினாள்.

"சீக்கிரம் வா கண்ணு, மூடிடப் போறாங்க!"

"மணி பதினொண்ணுதானுங்க ஆகுது. கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டாப்பல எதுக்கு இப்படிப் பறக்கறீங்க?"

ஒருவழியாக ஏழாம் நம்பர் வந்தது. கைடு வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான்.

"ரெண்டே ரூம்! பதினாலு பேர்! நாம ரெண்டே பேர். வெக்கமா இல்ல?"

ராஜஸ்ரீ சுற்றிலும் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்தாள்.

"நிசந்தானுங்க. எனக்கு இது உறைக்கவே இல்ல பாருங்க. நமக்கு ரெண்டு ரூமே தாராளமுங்க."

ஜெயித்துவிட்டான்! அங்கேயே குதித்திருப்பான், கூரைதான் தாழ்வு. அதற்குள் அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"அண்ணா, நீங்க ஓட்டலெல்லாம் தேட வேண்டாமுங்க. ஆறு பேரும் நம்ம வீட்டுக்கே வந்துருங்க. பதினாலு பேரே தாங்குமாம், உங்க மாப்பிள்ளையே சொல்லிப்போட்டார்!"

கோகுல்நாத் அவள் போனை எட்டிப் பார்த்தான். "யாரு கண்ணு, பெரிய மச்சானா?"

"ஆமாங்க. புனேவுக்கு மாத்தலாயிருச்சு. அடுத்த மாசம் வர்றாங்க. அவங்களுக்கு வீடு கிடைக்கற வரைக்கும் நம்மகூடத்தான்."

பெரிய மச்சான் பாத்ரூமுக்குள் போனால் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துவிட்டுத்தான் வெளியே வருவார். கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு. ஐயோ, சாமி! வாசலுக்கும் அடுப்படிக்குமாக நாலு நடை நடந்தான். ரெண்டு தரம் நிலையில் தலையை இடித்துக்கொண்டான்.

"கண்ணு... அந்த மூணு பெட்ரூம்னு சொன்னியே. எதுக்கும் ஒரு வீடு பார்த்து வெச்சுக்கலாமா?"

ராஜஸ்ரீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பார்க்கலாமுங்க. புரோக்கர் பார்க்கிங்லதான் நிக்கறார், காலையில ஒம்போது மணிக்கே போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்."